லூர்து மதினி பதிந்து வைத்த குரல்கள்

அன்பு நிறைந்த என் லூர்து மதினிக்கு,

போன சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் குரல் ரேடியோவில் வந்தது. மல்லி கிலோ என்ன விலை, கனகாம்பரம் என்ன விலை என்று சொல்லும் குரல் இல்லை. கல்லூரி மாணவிகள் நடுரோட்டில் உட்கார்ந்து காலி வாளிகளைத் தட்டிக்கொண்டிருக்க, அவர்களுக்கு நடுவில் குனிந்து, "என்னம்மா நடக்குது இங்க? ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க" என்று கேட்டீர்களே, அந்தக் குரல்.

இதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அச்சில் வரப்போகிற கடிதம் என்பதால் உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் சொல்லிக்கொண்டுதான் போகவேண்டும். "எங்கதைய எனக்கே சொல்றியாக்கும்" என்று சிரிக்காதீர்கள்.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு நாகல் நகர் வீட்டுக்கு வந்தபோது நான் லேப் டெக்னீசியன் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஜோசப் பஸ் டிரைவர். வந்த கொஞ்ச நாளிலேயே மதுரை ரோட்டில் இருந்த சின்ன சமுதாய வானொலியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்கள். ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ரேடியோ அது. திண்டுக்கல் டவுன், இந்தப் பக்கம் சின்னாளப்பட்டி, அந்தப் பக்கம் அகரம், தாடிக்கொம்பு. அவ்வளவுதான் அதன் எல்லை. அதைத் தாண்டினால் கரகரவென்று இரைச்சல் மட்டும்தான்.

விடிந்ததும் பூ மார்க்கெட்டுக்குப் போய், கையடக்க ரெக்கார்டரில் வியாபாரிகளின் ஏலக் குரலைப் பதிந்துகொண்டு வருவீர்கள். ரெக்கார்டரை எடுக்கும்போதெல்லாம் வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வீர்கள். வளையல் சத்தம் பேச்சுக்குள் விழுந்துவிடுமாம். கல்யாணமான பெண் இப்படி வெறுங்கையோடு தெருவில் நிற்கலாமா என்று அம்மாவுக்கு வருத்தம். "அத்தே, வளையல் எப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்கு. அந்த மனுசங்க ஒருக்காத்தான் பேசுறாங்க" என்று சொன்னீர்கள். 

அப்படி ஒரு காலையில்தான், மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில் அந்தச் சத்தத்தைக் கேட்டீர்கள். முதலில் ஏதோ சாவு வீட்டு மேளம் என்று நினைத்ததாகச் சொன்னீர்கள். கிட்டே போனால் பிளாஸ்டிக் வாளிகள். ஒரு மாணவியர் விடுதிப் பெண்கள் மொத்தமாக ரோட்டில் உட்கார்ந்து, வாளியைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

விடுதியில் மோட்டார் கெட்டுப் பல நாளாகத் தண்ணீர் இல்லை. தெருவில் நகராட்சிக் குழாய் இருந்தது. அங்கே போன பிள்ளைகளைத் தெருக்காரர்கள் சிலர் மறித்தார்கள். காலனிப் பிள்ளைகள் குழாயைத் தொடக்கூடாது, தூர நின்றால் நாங்களே ஊற்றுகிறோம் என்றார்களாம். படிக்க வந்த பிள்ளைகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு நேராக ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

நீங்கள் வளையலைக் கழற்றிவிட்டு அவர்களோடு உட்கார்ந்துவிட்டீர்கள். வெயில் ஏறி இறங்கும்வரை அங்கேயே இருந்தீர்கள். அன்று சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. அதிகாரிகள் வந்து பேசினார்கள். மறுநாள் மோட்டார் சரியானது, தெருக் குழாயிலும் பிள்ளைகள் போய்த் தண்ணீர் பிடித்தார்கள். யாரும் மறிக்கவில்லை. ஜெயித்துவிட்டார்கள் மதினி. வீட்டுக்கு வந்து அடுப்படியிலேயே நின்று அதை எங்களுக்குப் போட்டுக் காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? குழம்பு அடிப்பிடித்துப் போனதுகூடத் தெரியாமல் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் ரேடியோவில் அது வரவில்லை. அப்போதிருந்த மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் பயந்த மனிதர்.

"லூர்து, நம்மள மாதிரி ரேடியோவுக்குச் செய்தி போட அனுமதி கிடையாதும்மா. போராட்டம் கீராட்டம்னு போட்டா உரிமத்தப் புடுங்கிருவாங்க."

"சரி சார், இன்னைக்கு இது செய்தி. பத்துப் பதினஞ்சு வருஷம் போனா வரலாறு ஆயிரும்ல? அப்பப் போட்டுக்கிறேன்."

அவர் சிரித்தாராம். நீங்கள் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கே பிள்ளைகள் உட்கார்ந்தாலும் போய் நின்றீர்கள். காலனி நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டை மறித்தார்கள், போனீர்கள். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு ஒரு ஊரே உட்கார்ந்தது, அங்கும் போனீர்கள். "பூ விலை கேக்கப் போனவ போலீஸ்காரங்களோட நின்னுக்கிட்டு இருக்கா" என்று அண்ணன் முணுமுணுப்பார். பிறகு அவரே வண்டியில் கொண்டுபோய் விடுவார். எதுவும் ஒலிபரப்பாகாது என்று தெரிந்தே பதிந்தீர்கள். அந்தப் பொறுமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது மதினி? நான் பலமுறை கேட்க நினைத்து, கேட்காமலே போன கேள்வி இது.

இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனது. கடைசி மாதங்களில் உங்கள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள் நான்தான். நரம்பு கிடைக்காமல் நான் தவிக்கும்போது, "பதறாத ஸ்டெல்லா, செத்த நேரம் பேசிக்கிட்டிரு, தானா வரும்" என்று எனக்குத் தைரியம் சொன்னீர்கள். நோயாளி நீங்கள், தைரியம் எனக்கு.

நீங்கள் போன பிறகு அண்ணன் ரேடியோ போடுவதை நிறுத்திவிட்டார். உங்கள் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க் பீரோவில் உங்கள் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. அதைத் தொட அவரும் விடவில்லை, எனக்கும் மனசு வரவில்லை.

போன தைப் பொங்கல் முடிந்து நிர்மலா வீட்டுக்கு வந்தாள். உங்களிடம் பயிற்சிக்கு வந்து, எடிட்டிங் கற்றுக்கொண்டு, இப்போது நிலையத்தையே நடத்துகிறாளே, அவள்தான். உங்கள் பதிவுகளை வைத்து வாரம் ஒரு நிகழ்ச்சி செய்யவேண்டும் என்றாள். "இது இப்போ செய்தி இல்லக்கா, பழைய வரலாறு. லூர்துக்கா சொன்ன மாதிரியே காலம் ஆயிருச்சு" என்றாள். அண்ணன் உள்ளே போய் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார்.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. நிலையத்தின் குழுவில் ஒருவர், "இப்பத்தான் ஊரு அமைதியா இருக்கு, பழசக் கிளறி என்னத்துக்கு?" என்று கேட்டாராம். நிர்மலா விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். பதிவில் பேசுகிற ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கவேண்டும். வேண்டாம் என்று சொல்கிறவர் குரல் வரக்கூடாது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று கொடுத்த பேட்டி அன்றைக்குக் கொடுத்தது. இன்றைக்கு அவர்கள் யாரோ, எங்கே இருக்கிறார்களோ.

யார் போவது என்று பேச்சு வந்தபோது நான் போகிறேன் என்றேன். பயந்துபோய் வருகிறவர்களிடம் நல்ல வார்த்தை சொல்லிக் கையை நீட்டச் சொல்வதுதானே என் அன்றாட வேலை?

முதலில் வாளிச் சத்தத்தில் தொடங்கினோம். அந்தப் பதிவில் பெயர் சொல்லிப் பேசும் பெண்கள் சிலர்தான். முதலில் கிடைத்தவள் கவிதா. இப்போது காவலராக இருக்கிறாள். மதிய வேளையில், டவுனில் ஒரு டீக்கடை ஓரத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்துக் கேட்டாள். கேட்கக் கேட்கச் சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு.

"யக்கா, இந்த மாதிரி ரோட்ல உக்காந்தவங்கள இப்ப நான்ல எந்திரிக்கச் சொல்றேன்!"

"போடலாமா கவிதா?"

 "பேரு போடாதீங்க. குரலப் போடுங்க. குரலுக்கு யூனிஃபார்ம் கிடையாதுல்ல" என்றாள். இந்தக் கடிதத்திலும் அவள் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். போகும்போது, "தனத்தப் பாத்தீங்களா? அவதான எல்லாத்துக்கும் முன்னாடி நின்னவ" என்று கேட்டாள்.

தனலட்சுமி. பதிவு முழுவதும் அவள் குரல்தான். உங்களுக்கு அவளை மறந்திருக்காது. போராட்டம் முடிந்த மறுநாள் பேப்பரில் அவள் படம் வந்தது. வாயைத் திறந்து, கையை உயர்த்திக்கொண்டு நிற்கிற படம். அகரம் பக்கம் கூலி வேலை பார்த்த அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து, பெட்டியோடு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றது. நீங்கள் அவளைப் பார்க்க ஊருக்குப் போனபோது கல்யாணம் முடித்து ஆயக்குடிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்கள். தண்ணீர் வந்தது, ஆனால் அதைக் கேட்டு வாங்கியவளுக்குப் படிப்பு போனதே என்று உங்களுக்கு ஆறவில்லை.

அவளைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயக்குடிக்குப் பஸ் ஏறினேன். கொய்யாத் தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடு. முற்றத்தில் கூடை கூடையாகக் கொய்யாக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் முருகேசன், "ஏனுங்க, வெய்யில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று செம்பை நீட்டினார். மூத்த மகள் யாழினி பன்னிரண்டாம் வகுப்பு. ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

நான் யாரென்று சொன்னதும் தனத்தின் முகம் மலர்ந்தது. நீங்கள் போய்விட்டீர்கள் என்றதும் கையில் இருந்த காயைக் கீழே வைத்துவிட்டாள். "மைக்க நீட்டிக்கிட்டே எனக்கு முந்தானையால வேர்வையத் தொடச்சு விட்டாங்க. அந்த அக்காவா?" என்றாள். எனக்குத் தெரியாத சங்கதி இது மதினி. உங்கள் பதிவில் அது எப்படிக் கேட்கும்?

வந்த காரியத்தைச் சொன்னேன். போனைக் கொடுத்தேன். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் கூடை விளிம்பில் தாளம் போட ஆரம்பித்தன. "இம்புட்டு சத்தமாவா பேசுனேன்?" என்று வெட்கத்தோடு சிரித்தாள். சரி என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

இயர்போனைக் கழற்றிச் சுருட்டி என் கையில் வைத்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. இதப் போட வேண்டாங்க."

"ஏன்மா?"

அவள் வீட்டுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா போன பெறகு எங்கய்யா என் கூடத்தான் இருக்காருங்க. உள்ள படுத்திருக்காரு. என் படிப்ப நிறுத்துனத அவரு ஒரு நாளும் மறக்கல. நான் ஒண்ணும் கேக்கலீங்க, ஆனா அவரு மறக்கல. யாழினி புத்தகத்த எடுத்தாலே எந்திரிச்சுத் தோப்புக்குள்ள போயிருவாரு. இது ரேடியோல வந்துச்சுன்னு யாராச்சும் வந்து சொன்னா, அவரக் குத்திக் காட்டுன மாதிரி ஆயிரும். எனக்குப் போனது போகட்டுங்க. அந்த மனுசன எதுக்கு நோகடிக்கணும்?"

 "நீ வேண்டாம்னா வேண்டாம் தனம். எடுத்துர்றோம்" என்றேன். முருகேசன் என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு, ஒரு பை நிறையக் கொய்யாவோடு பஸ் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் எனக்கு வருத்தம்தான். ஆனால் அவள்மேல் ஒரு துளி கோபம் இல்லை.

நிலையத்தில் நிர்மலாவும் நானும் உட்கார்ந்து அவள் குரலை வெட்டி எடுத்தோம். வெட்டி முடித்துப் போட்டுப் பார்த்தால், நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள், வாளிச் சத்தம் வருகிறது, திரும்பக் கேள்வி கேட்கிறீர்கள். பதிலே இல்லை. கவிதாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும் அங்கங்கே ஒரு வார்த்தை. கேட்கவே பாவமாக இருந்தது.

"அக்கா, நம்ம ரேடியோ ஆயக்குடி வரைக்கும் கேக்காதே. பேரச் சொல்லாம குரல மட்டும் விட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் நிர்மலா. அவளும் அழாத குறைதான்.

"நமக்குத் தெரியும்ல? வேண்டாம்னு சொன்ன பிள்ளையோட குரல மதினி இருந்தாப் போடுவாங்களா?"

நிர்மலா அந்தப் பதிவை மூடினாள். அந்த நிகழ்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, பஸ் நிறுத்தப் பதிவில் தொடங்கலாம் என்று முடிவு செய்தோம்.

பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் லேபில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த நேரம். போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தால் ஒரு வயசாளியின் குரல்.

"தாயி, நான் தனத்தோட அப்பா பேசுறேன். கருப்பையா."

 வரிசையில் இருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"எம்பேத்தி எல்லாம் சொல்லிருச்சு தாயி. நீ வந்து போனது, எம்மக வேண்டாம்னு சொன்னது, எல்லாம். அவ அம்மாட்ட எத்தன நாளாக் கேட்டுச்சோ, கடசியா எங்கிட்ட வந்து, 'தாத்தா, அம்மா அன்னைக்கு ரோட்ல என்ன பேசுச்சு?'ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல தாயி."

அவரே தொடர்ந்தார்.

"பேப்பர்ல படத்தத்தான் பாத்தேன். வாயத் தொறந்துக்கிட்டு, கைய ஓங்கிக்கிட்டு நிக்கிறா. டீக்கடைல நாலு பேரு சிரிச்சாய்ங்க. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. போயிக் கூட்டியாந்துட்டேன். அவ என்ன சொன்னான்னு இந்நாள் வரைக்கும் கேக்கல. நீ சொல்லு தாயி, என்ன சொன்னா?"

சொல்லியிருக்கலாம். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம் அது. ஆனால் என் வாயால் அதைச் சொல்லக்கூடாது என்று பட்டது. "அய்யா, நான் சொல்றதவிட உங்க மக சொல்றத நீங்களே கேக்குறதுதான் சரி" என்றேன்.

"அப்ப ரேடியோல போடு. எனக்காகத்தான அவ வேண்டாம்னா? நானே சொல்றேன், போடு."

"உங்க மக சொல்லணும்ய்யா."

போன் கை மாறியது. தனம் அழுதிருந்தாள் என்பது குரலில் தெரிந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "போடுங்கக்கா. இங்க கேக்காதுல்ல, நாங்க அங்க வந்து கேக்குறோம்."

போன சனிக்கிழமை மதியம் வந்தார்கள் மதினி. கருப்பையா, தனம், யாழினி. அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. ரேடியோவைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார், "வெஞ்சனம் என்ன வைக்கப் போற? வயசானவரு வாராரு, காரத்தக் கொறச்சுப் போடு" என்று அடுப்படிக்கு வந்து வந்து சொன்னார். கவிதா லீவு போட்டுவிட்டுப் பூப்போட்ட சேலையில் வந்தாள். வாசலில் தனத்தைப் பார்த்ததும், "அடியே தனம்!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. நிர்மலா இரண்டு வரி சொன்னாள். உடனே வாளிச் சத்தம் வீட்டை நிறைத்தது. அதற்குள்ளிருந்து நீங்கள் வந்தீர்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து, "அவதான். அவதான் பேசுறா" என்று யாருக்கோ அடையாளம் காட்டுவதுபோலச் சொன்னார். அழுவாரோ என்று பார்த்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

கருப்பையா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் உங்கள் குரல் கேட்டது.

"பயமா இல்லையாம்மா உனக்கு?"

"பயமாத்தான்க்கா இருக்கு. எங்கய்யா பாத்தா என்ன சொல்வாரோன்னுதான் பயம். ஆனா அவருதான் சொல்லி அனுப்புனாரு. அவரு சின்ன வயசுல களத்துல வேல பாக்கும்போது, மேல இருந்து ஊத்துவாங்களாம், இவரு குனிஞ்சு கையேந்திக் குடிப்பாராம். 'எவன் முன்னாடியும் நீ கையேந்தித் தண்ணி குடிக்கக் கூடாது, நீயா மோந்து குடிக்கணும், அதுக்குத்தான் படிக்க அனுப்புறேன்'னு சொன்னாரு. அவரு சொன்னதத்தான் நான் செய்யிறேன். வேற ஒண்ணும் செய்யலக்கா."

அதோடு வாளிச் சத்தம் திரும்ப எழுந்தது. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். பிறகு ரேடியோவில் நிர்மலா வந்து விடைபெற்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

கருப்பையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்துவிட்டு, "நான் சொன்னதத்தான் சொல்லிருக்கா" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நான் சொன்னதச் செஞ்சதுக்கா உன்னக் கூட்டியாந்தேன்?" என்று கேட்டார்.

"விடுங்கய்யா" என்று தனம் அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "இப்பக் கேட்டுட்டீங்கல்ல. அது போதும்."

"போதாது" என்றார் அவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு யாழினியைக் காட்டினார். "இது பரீட்ச முடிச்சிட்டு இங்கதான் காலேஜுக்கு வாரேங்குது. ஹாஸ்டலுக்கு நான்தான் பெட்டியத் தூக்கிக்கிட்டு வருவேன். முருகேசன் வரக் கூடாது, சொல்லிட்டேன்."

யாழினி சிரித்துவிட்டாள். அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், புதிதாக யாரையோ பார்ப்பதுபோல. "இம்புட்டும் செஞ்சிட்டு ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள்.  கவிதாதான், "உங்கம்மா சொல்லாட்டி என்ன, நான் சொல்றேன் வா" என்று அவளை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவர்கள் சிரிப்பு வெகுநேரம் கீழே கேட்டது.

மறுநாள் காலை, அந்தத் தெருவைப் பார்க்கவேண்டும் என்று யாழினி அடம்பிடித்தாள். கூட்டிக்கொண்டு போனோம். குழாய் இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டதால் எடுத்துவிட்டார்களாம். யாழினிக்கு முகம் வாடிப்போனது. தனம் அவள் தலையில் லேசாகத் தட்டி, "கொழா போனா என்ன? அதுல தண்ணி புடிச்சவ நான் இருக்கேன்ல" என்றாள். ஆயக்குடிப் பேச்சை மறந்துவிட்டு, பழைய அகரத்துப் பேச்சில்.

நிலையத்துக்கு நிறைய போன் வந்ததாம். எல்லாம் பாராட்டு இல்லை. ஒருவர் திட்டிவிட்டு வைத்திருக்கிறார். அதே தெருவிலிருந்து ஒரு பெண் பேசியிருக்கிறாள். "அன்னைக்கு எங்க வீட்டாளுகதான் கொழாய்கிட்ட நின்னு மறிச்சாங்க. நான் புதுசாக் கல்யாணமாகி வந்தவ, ஜன்னல்ல நின்னு பாத்தேன். அந்தப் பிள்ளைகளப் பாத்தாச் சொல்லுங்க..." என்று தொடங்கி, முடிக்காமலே வைத்துவிட்டாளாம். என்ன சொல்ல வந்தாளோ? திரும்ப அழைப்பாளா? நிர்மலா அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். முடிக்காத அந்த வாக்கியத்தைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

குழுவில் வேண்டாம் என்று சொன்னவரும் மனசு முழுதாக மாறிவிடவில்லை. "இது ஒண்ணு நல்லா இருந்துச்சு, அடுத்ததப் பாப்போம்" என்றிருக்கிறார். பாக்கட்டும். அடுத்ததும் இருக்கிறது, அதற்கடுத்ததும் இருக்கிறது.

அண்ணன் இப்போது தினமும் ரேடியோ கேட்கிறார். பூ விலையையும் விடுவதில்லை. "இந்தப் பிள்ள ரொம்ப வேகமாச் சொல்லுது, லூர்து நிறுத்திச் சொல்லுவா" என்று குறை சொல்கிறார். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் மனசு தேறிவிட்டது என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியாதா அவரை?

இன்னொரு செய்தி. இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். போன மாதம் ஒரு நர்சிங் கல்லூரிப் பிள்ளைகள், பயிற்சி முடித்தும் சான்றிதழ் தரவில்லை என்று வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். லேபுக்குப் போகிற வழி. பார்த்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. நிர்மலா கொடுத்த ரெக்கார்டர் பையில் இருந்தது. பயந்துகொண்டேதான் போனேன். என்ன கேட்பதென்று தெரியாமல், நீங்கள் கேட்பதையே கேட்டேன், "என்னம்மா நடக்குது இங்க?" என்று. அவர்கள் பேசினார்கள் மதினி, வெள்ளமாகப் பேசினார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் காற்று இரைச்சல். மீதிப் பாதி தெளிவாக இருக்கிறது. அதை இப்போது ஒலிபரப்ப முடியாது. இருந்தாலும் பெயர், இடம் எல்லாம் சொல்லிப் பதிந்து, உங்கள் பதிவுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று போன வாரம் ஒருத்தி போன் செய்து சொன்னாள்.

உங்களுக்கு என் வாக்கு இது. நீங்கள் பதிந்து வைத்த ஒரு குரலையும் நான் கேட்பாரற்று விடமாட்டேன். ஒவ்வொருவராகத் தேடிப் போவேன். வேண்டாம் என்பவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வருவேன். சரி என்பவர்களின் வீட்டில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து கேட்பேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சின்னாளப்பட்டிக்குப் போகிறேன். பஸ்ஸை மறித்த பிள்ளைகளில் ஒருத்தி அங்கே தறி நெய்யும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாளாம். கதவைத் தட்டுவேன். யாரென்று கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். ரேடியோவில் இருந்து வருகிறேன் என்று சொல்லமாட்டேன். "லூர்து மேரியோட நாத்தனா வந்திருக்கேன்" என்பேன். கதவு திறக்கும்.

என்றும் உங்கள் பேர் சொல்லி நடக்கும்,
உங்கள் நாத்தனார்
ஸ்டெல்லா